பன்னுக்கு இங்கே என்ன பேர்?

“கப் இல்லை, குப். பட்டர் இல்லை, புட்டர்.” காரின் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு முனகினார் பெரெக்ரின் வாட்லி. பார்த்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

லண்டன்காரர். வட இங்கிலாந்தின் ஹால்ஸ்டன் தொகுதியில் நிற்கிறார். போன தடவை, துரை மாதிரிப் பேசுகிறார் என்று இருநூறு ஓட்டில் கவிழ்த்துவிட்டார்கள். இந்தத் தடவை வாத்தியார் வைத்து ஊர்ப் பேச்சைப் படித்திருந்தார். ஹால்ஸ்டன் முழுக்க பன்னுக்கு ‘முஃபின்’ என்றுதான் பேர் என்பது கடைசிப் பாடம். விடிந்தால் வாக்குப்பதிவு.

“அந்தப் பேக்கரி வாசல்ல பாரு, என்னா வரிசை! வண்டியைத் திருப்பு!”

“பிஸ்கட் ஆலையில ஷிஃப்ட் விடுற நேரம் சார். முந்நூறு பேர் வருவாங்க,” என்றான் உதவியாளன் கிரேயம்.

“ஆலை எங்கேயும் ஓடிடாதுப்பா.”

கடைக்குள் பாய்ந்தார். “ரெண்டு முஃபின் குடுங்கக்கா, புட்டர் தடவி!”

வரிசையே திரும்பியது. கல்லாவில் இருந்த டோரீன் இடுப்பில் கை வைத்தாள். “முஃபினா? இதுக்குப் பேரு பார்ம், கண்ணு. பிறந்ததுலேர்ந்து பார்ம்தான்.”

மணிக்கு நாற்பது பவுண்டு வாங்கிய வாத்தியாரை மனதுக்குள் வைதபடி வாட்லி சமாளித்தார். “அடடே, பார்ம்! அதைத்தான் சொல்ல வந்தேன்!”

“எங்க, ‘பஸ்’, ‘பப்’ ரெண்டையும் சொல்லு பாப்போம்,” என்று வம்பிழுத்தார் ஒரு கிழவர்.

“புஸ்ஸுல ஏறி புப்புக்குப் போலாம், வர்றீங்களா பெரியவரே?”

கடை அதிர்ந்து சிரித்தது. கிரேயம் மூன்று முறை கடிகாரத்தைக் காட்டினான். மூன்று முறையும் வாட்லி கையால் ஈ விரட்டினார். ஐந்து பார்ம் தின்றார், இரண்டு குழந்தைகளைத் தூக்கினார், கிழவரின் மூட்டுவலிக்கு வைத்தியம் சொன்னார். ஆலை காலியாகிவிட்டது என்று போனில் தகவல் வந்தபோதும் அவர் அசரவில்லை.

“சொல்லுங்கக்கா, என்னை ஜெயிக்க வெச்சிடுவீங்கதானே?”

சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள் டோரீன். இவ்வளவு நல்ல மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அவளுக்கு.

“ஹால்ஸ்டன் தொகுதி முந்தின தெருவோட முடிஞ்சுபோச்சே, கண்ணு!”