எழுபது பவுண்டு வில்

"மாப்ளே, அதைக் கீழ வை. அது சின்னப் பிள்ளைங்க விளையாடுற வில்லு."

ரெய்னோ சொன்னது என் வில் கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான். அவன் தங்கை புருஷன் கர்ட், கையிலிருந்த ஐம்பது பவுண்டு வில்லைத் திரும்பக் கொக்கியில் மாட்டினான்.

எங்கள் வட மிச்சிகன் பக்கம் அக்டோபர் பிறந்தால் வில் வேட்டை. எல்லாருக்கும் வேண்டியது இரண்டு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில். நாணை இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்பதில்தான் இந்த ஆம்பளைகளின் மானமே இருக்கிறது. எழுபது என்றால் மீசையை முறுக்குவார்கள். ஐம்பது என்றால் தலை தொங்கிவிடும்.

கர்ட் விஷயம் அதைவிடப் பெரியது. போன வருஷம் அவன் தோள் ஏற்கெனவே கெட்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் எழுபதையே இழுத்தான். கை நடுங்கி, அம்பு ஒரு பெண் மானின் வயிற்றில் பாய்ந்துவிட்டது. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சதுப்பில் தேடினார்கள். கிடைக்கவே இல்லை.

வயிற்றில் பட்ட மான் லேசில் சாகாது. எந்தப் புதரிலோ கிடந்து துடித்துத்தான் செத்திருக்கும். அதிலிருந்து கர்ட் மான் கறியைத் தொடுவதில்லை என்று அவன் மனைவி ஐரீன் என்னிடம் சொல்லி அழுதாள்.

குளிர்காலத்தில் தோளில் ஆபரேஷன் நடந்தது. ஐம்பதுக்கு மேல் இழுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார்.

மானுக்கு ஐம்பதே தாராளம் என்று நானும் எடுத்துச் சொன்னேன். இருபது வருஷமாக நான் இழுப்பது நாற்பத்தைந்துதான், இதுவரை எந்த மானும் வந்து குறை சொன்னதில்லை என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். கர்ட் சிரிக்கவில்லை.

"நீ பொம்பள, ஹெல்வி, உனக்குச் சரி," என்றான் ரெய்னோ. "எங்க கூட வேட்டைக் குடிசைக்கு வர்றவன் எழுபது இழுக்கணும். முடியலைன்னா அடுப்படியில உட்கார்ந்து பீன்ஸ் வேக வைக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். அதற்குள் கர்ட் எழுபது பவுண்டு வில்லை எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் அம்பு விட்டுப் பார்க்கிற இடத்துக்குப் போய்விட்டான்.

இரண்டு தடவை நாண் பாதியிலேயே நின்றது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்து இழுத்தான். முகம் ரத்தமாகச் சிவந்தது. இருபது கஜத்தில் இருந்த இலக்கின் ஓரத்தில் போய்க் குத்தியது அம்பு.

"இதையே எடுத்துக்கறேன்," என்றான் கர்ட்.

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. விற்றேன். அது என் தப்புதான், வேறு யார்மேல் பழி போட?

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான். வில்லை மேஜைமேல் வைத்தான்.

"எடுத்துக்க ஹெல்வி. நான் இனிமே காட்டுக்குப் போகல."

வீட்டில் போய் இழுத்துப் பார்த்தானாம். போன வருஷம் போலவே கை நடுங்கியதாம்.

"இன்னொரு மானை அப்படித் துடிக்க விட்டுட்டு வர என்னால முடியாது."

ஐம்பதை எடுத்துக்கொள்ளேன், யார் என்ன சொன்னால் உனக்கென்ன என்று கெஞ்சிப் பார்த்தேன். தலையை ஆட்டினான். முப்பது வருஷமாக மச்சானோடு ஒரே குடிசையில் படுத்து எழுந்தவன், அங்கே கேலிப் பொருளாக உட்கார்ந்திருப்பதைவிட வராமலே இருந்துவிடலாம் என்றான். எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே போய் ஒரு வில்லைக் கொண்டுவந்தேன். அவன் வாங்கிய அதே கம்பெனி, அதே நிறம். பக்கவாட்டில் எழுபது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இதை இழுத்துப் பார்."

அவன் எழுத்தைப் பார்த்துவிட்டு, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதே என்றான். நான் விடவில்லை. பின்னால் கூட்டிக்கொண்டு போய் அம்பையும் கொடுத்தேன்.

இழுத்தான். நாண் கன்னம்வரை வந்து நின்றது. நான் மனசுக்குள் முப்பது எண்ணினேன். கை அசையவில்லை. அம்பு நட்டநடுவில் இறங்கியது. அடுத்ததும் அதன் பக்கத்திலேயே.

வில்லை வாங்கி, இழுப்பு பார்க்கிற தராசில் மாட்டி அவனுக்குக் காட்டினேன். நாற்பத்து நாலு. வளைகிற தகடுகளை இளக்கமானதாக மாற்றியிருக்கிறது, எழுத்து மட்டும்தான் பழசு என்றேன்.

"எனக்கு இது போதும். விலை சொல்லு."

"இது விற்கிறதுக்கு இல்ல கர்ட். உன் மச்சானோடது."

அவன் என்னையே பார்த்தான். நம்பவில்லை. நேற்று அதைக் கையில் வாங்கும்வரை நானும்தான் நம்பவில்லை.

"நேத்து நீ போன அரை மணி நேரத்துல ரெய்னோ திரும்பி வந்தான். மூணு வருஷமா இதைத்தான் இழுக்கிறானாம், நமக்குத் தெரியக் கூடாதுன்னு வெளியூர்ல போய் மாத்திக்கிட்டானாம். 'என் வாயால அவன்கிட்ட சொல்ல வரல. அவன் வில்லைத் திருப்பிக் கொடுக்க வந்தா, இதை அவன் கையில குடு'ன்னான். வாசல்வரைக்கும் போனவன், நின்னு இன்னொண்ணும் சொன்னான் கர்ட். 'அந்த மானைத் துடிக்க விட்டது அவன் கை இல்ல ஹெல்வி, என் வாய்.'"