ஸ்வீடன் பாஷைப் பரீட்சை

ராணுவ அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் வேலை கேட்டபோது தனக்கு ஆறு பாஷை தெரியும் என்று பெர்னார்ட் அளந்துவிட்டது, ரேஷனில் அரிசி கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பதற்காகத்தான். ஜப்பான்காரன் காலத்து ஈப்போவில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாக்குச் செத்தவன் எவனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான். ஆறாவது பாஷை ஸ்வீடிஷ் என்று சொன்னதுதான் வினையாகப் போயிற்று. சண்டைக்கு முன்னால் அவன் ஸ்வீடன் தீப்பெட்டி விற்ற கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. பெட்டிமேல் இருந்த எழுத்தைத் தவிர அந்தப் பாஷையில் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ராணுவ அலுவலகத்தில் கேப்டன் கிதாமுரா அவனைக் கூப்பிட்டனுப்பினார். நாகசாகி ஊர்க்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேசைமேல் வாள், பக்கத்தில் தடித்த ஆங்கில அகராதி. எதிரே கை கட்டப்பட்ட ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர். ஜெலாப்பாங் காட்டில் அவரைப் பிடித்துக் கொடுத்த சன்னாசி மூலையில் பல்லை இளித்துக்கொண்டு நின்றான். இங்கிலீஷ்காரனைக் காட்டிக்கொடுத்தால் ஒரு மூட்டை சீனி கிடைக்கும்.

"ஈயச் சுரங்கத்தில் மிஷின் பழுதுபார்க்க வந்த ஸ்வீடன்காரன் என்கிறான்," என்றார் கேப்டன், ஆங்கிலத்தில். "ஸ்வீடன் இந்தச் சண்டையில் சேராத நாடு. நிஜமென்றால் விட்டுவிடுவேன். இங்கிலீஷ்காரன் என்றால் தலை போகும். அவனுக்காகப் பொய் சொல்கிறவன் தலையும் போகும்."

பெர்னார்ட் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தான். தாடிக்குள் இருந்தது சித்தியவான் எஸ்டேட் டாக்டர் ஹார்டி. அசல் இங்கிலீஷ்காரர். பிரசவத்தில் செத்துப் பிழைத்த அவன் மனைவி பெட்ரீசியாவை விடிய விடியப் பக்கத்திலிருந்து காப்பாற்றிய மனுஷர். இவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

சமையல்காரர் மாயாண்டி கோழிப் பொரியலைக் கொண்டுவந்து வைத்தார். கேப்டன் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அகராதியைப் புரட்டினார்.

"ஸ்பிரிங். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் பார்! வசந்த காலம், நீரூற்று, கம்பிச் சுருள், துள்ளிக் குதிப்பது. ஸ்வீடிஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்குமே, அவன் சொல்லட்டும். சரியா, தப்பா என்று நீ சொல். முதலில் வசந்த காலம்."

டாக்டர் முகம் வெளிறியது. கண்ணை மூடி, வாயில் வந்ததைச் சொன்னார்.

"சூர்சும் கோர்தா."

"ஹபேமுஸ் அத் தோமினும்," என்றது பெர்னார்டின் வாய்.

ஆமாம், வாய்தான் சொன்னது. சின்ன வயதில் மாதாகோயில் பூசைக்கு உதவிய வாய் அது. சாமியார் லத்தீனில் ஒன்று சொன்னால் லத்தீனிலேயே பதில் வந்தாக வேண்டும். தவறினால் காது திருகப்படும். அர்த்தமா? யாருக்குத் தெரியும்! அவனுக்கு அர்த்தம் தெரிந்தது கடைசி வரி ஒன்றுதான்: "இத்தே மிஸ்ஸா எஸ்த்." பூசை முடிந்தது, போகலாம். அதற்கப்புறம்தான் வீட்டில் ஆப்பம்.

"நீ என்ன சொன்னாய்?"

"சரியான சொல் என்று ஸ்வீடிஷிலேயே சொன்னேன், துவான்."

டாக்டர் கண்ணில் உயிர் வந்தது. நீரூற்றுக்கு "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றார். "எத் கும் ஸ்பிரித்து துவோ," என்று பெர்னார்ட் தலையாட்டினான். கம்பிச் சுருளுக்கு "கீரியே எலேய்சோன்" வந்தது. இதைத் தொடர்ந்து "கிறிஸ்தே" என்றல்லவா வரும்! நாக்கு நுனிவரை வந்த கிறிஸ்துவை விழுங்கிவிட்டு, "கீரியே, கீரியே," என்று சமாளித்தான்.

சன்னாசிக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குத் தமிழை விட்டால் வேறு பாஷை கிடையாது.

"அண்ணே, இது வேதக்கோயில்ல பாடுறது மாதிரியே இருக்குலா! தைப்பூசத்துக்குப் போறப்ப ரோட்டுல நின்னு கேட்டிருக்கேன். தொரைக்கிட்ட சொல்லுங்க."

"என்ன சொல்கிறான்?" என்றார் கேப்டன்.

"பசிக்கிறதாம், துவான்."

கேப்டன் பெர்னார்டையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அந்தக் கோழியை அவனுக்குக் கொடு. வாய் அடைபடட்டும்."

மிச்சமிருந்தது துள்ளிக் குதிப்பது. "ஓராத்தே பிராத்ரேஸ்," என்றார் டாக்டர். அட பாவி மனுஷா! பூசையிலேயே நீளமான பதில் அதற்குத்தான். அந்தக் காலத்தில் ஒருநாள்கூடத் திக்காமல் சொன்னதில்லை. இன்றைக்கு உயிர்ப்பயத்தில் "ஸுஷிப்பியாத் தோமினுஸ்" என்று தொடங்கி மடமடவென்று ஒப்பித்து முடித்தான்.

"குதிப்பதற்கு இவ்வளவு நீளமா?"

"ஸ்வீடன்காரர்கள் உயரமாகக் குதிப்பார்கள், துவான்."

கேப்டன் அகராதியை மூடினார். "ஸ்வீடன்காரன்தான். கட்டை அவிழ்த்துவிடு," என்று காவலுக்கு நின்ற சிப்பாயிடம் சொல்லி, அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தி டாக்டரிடம் நீட்டினார். சீனி போன துக்கத்தில் சன்னாசி எலும்பைக் கடித்தான்.

பெர்னார்டுக்குத் தலைகால் புரியவில்லை. மலாயாவையே பிடித்தவனைப் பூசைப் பாட்டு பாடி ஏமாற்றியாயிற்று! வீட்டுக்குப் போனதும் பெட்ரீசியாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டும். இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டுவிட்டு, டாக்டரைத் தள்ளாத குறையாக வாசலுக்குக் கொண்டுபோனான்.

"நில்!"

இரண்டு பேரும் அப்படியே உறைந்தார்கள். கேப்டன் எழுந்து கிட்டத்தில் வந்தார். சிப்பாய்க்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத்தே மிஸ்ஸா எஸ்த்."