இரண்டு பேர்

“பேரு கேட்டா இன்னா மாப்ள சொல்லப் போறீங்க?”

வார்டுக் கதவுக்கு வெளியே நின்று லீலா கிசுகிசுத்தாள். அவள் தோளில், மஞ்சள் துண்டுக்குள் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“யாக்கோபு, ஏசான்னு சொல்லிடலாம் அத்தை. பைபிள்ல வர்ற ரெட்டப் புள்ளைங்கதானே” என்றான் ஜோயல்.

“ஏசாவா? அவன் கூழுக்கு ஆசப்பட்டு மூத்த புள்ள உரிமையையே வித்தவனாச்சே!”

“இப்ப அதா அத்தை முக்கியம்? அவ சிரிச்ச முகமா இருந்தா போதும்.”

லீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரசவத்தின்போது மகள் சத்யப்பிரியாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. பிரஷர் இன்னும் இறங்கியபாடில்லை. ‘மனசு பதறுற மாதிரி எதுவும் அவங்க காதுல போட்டுடாதீங்க’ என்று டாக்டர் காலையில்கூடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நேற்று சொந்த ஊரான மணிமங்கலத்துக்குப் போய்வந்ததிலிருந்து ஜோயலுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரகடம் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் யாராவது கூப்பிட்டு எதையாவது உளறிவைப்பார்களோ என்று போனையும் அணைத்து வைத்திருந்தான்.

உள்ளே போனார்கள். சத்யப்பிரியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை வாய் வைத்த வேகத்தில் சப்சப்பென்று குடித்தது. ஜோயல் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷினில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, குடு பிரியா. இவன வுட்டுட்டு அவன எடுத்தாரேன்” என்றாள் லீலா.

குழந்தைகள் எடை குறைவு, மேல்மாடியில் சூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாகத்தான் வெளியே தருவார்கள் என்று சத்யப்பிரியாவிடம் சொல்லியிருந்தார்கள்.

லீலா போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பினாள். இப்போது கையில் வெள்ளைத் துண்டு.

“இவன் மட்டும் ஏம்மா குடிக்கவே மாட்டேங்கிறான்?” என்றாள் சத்யப்பிரியா. குழந்தை உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

லீலாதான் சமாளித்தாள். “அவன் சாதுடி. பெரியவன் மாரி இவனுக்கு அவசரம் கெடையாது.”

சத்யப்பிரியா துண்டை விலக்கி, குழந்தையின் காதைத் தடவினாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பாதத்தைக் கையில் ஏந்தி, நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் எண் ஏறுகிறதா என்று ஜோயல் திரும்பிப் பார்த்தான். ஏறவில்லை.

“ஏங்க, பேரு யோசிச்சீங்களா?”

பயந்த கேள்வி வந்தேவிட்டது. “யாக்கோபு, ஏசா... ஓகேவா பிரியா?”

“வேணாம். தோமா.”

“தோமாவா?” லீலாவுக்குப் பயம் போய்க் கோபமே வந்துவிட்டது. “போயும் போயும் சந்தேகப் பிராணி பேரா? ஆண்டவரு உயிரோட எழுந்து வந்துட்டாருன்னு மத்த சீஷருங்கல்லாம் சொல்றாங்க. இவரு மட்டும், காயத்துல வெரல வுட்டுப் பாத்தாதான் நம்புவேன்னாரு! ஸ்கூல்ல பசங்க ‘சந்தேகத் தோமா’ன்னே ஓட்டுவாங்கடி.”

“ஓட்டட்டும்மா. பரங்கிமலை வரைக்கும் வந்து உயிரக் குடுத்தாருன்றாங்க, அதப் பேச மாட்டீங்க. சந்தேகப்பட்டத மட்டும் புடிச்சிக்குவீங்க. தொட்டுப் பாக்கணும்னு தோணினா அது தப்பா?”

அம்மாவிடம் வழக்கம்போல மல்லுக்கு நிற்கும் அந்தக் குரலைக் கேட்டதும் ஜோயலுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. பெயருக்குச் சண்டை போடுகிறாள் என்றால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம்? இன்னும் இரண்டு நாள் இப்படியே ஓட்டிவிட்டால் போதும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், டாக்டரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்.

“விடுங்க அத்தை, அவ ஆசப்படுறா. தோமான்னே வெச்சிடலாம்” என்றான். “யாருக்கு பிரியா? இவனுக்கா, மொதல்ல வந்தானே, அவனுக்கா?”

“இவனுக்குத்தான்.”

“அப்ப அவனுக்கு?” என்று அவசரமாகக் கேட்டாள் லீலா.

சத்யப்பிரியா குழந்தையைத் துண்டுக்குள் பத்திரமாகச் சுற்றி, மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை நீட்டி, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த ஜோயலின் கையை மெல்ல மூடினாள்.

“தோமான்னா இன்னா அர்த்தம்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. ரெட்டப் புள்ளைல ஒருத்தன்னு அர்த்தம்ங்க.”

ஜோயல் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்; அவள் விடவில்லை.

“ரெண்டு துண்டுலயும் ஒரே புள்ளையத்தான் சுத்திக் கொண்டாறீங்கன்னு நேத்தே தெரிஞ்சிபோச்சு. நான் அழுதா நீங்க ரெண்டு பேரும் ஒடஞ்சிடுவீங்கன்னுதான் வாயத் தொறக்கல. சொல்லுங்க, இவன்கூடப் பொறந்தவன இன்னா பேரு சொல்லிப் பொதச்சீங்க?”