முயல் வாங்கிய வாய்தா

காட்டில் இருமல் நோய் பரவியிருந்த சமயம். முள்ளம்பன்றி குடியேறிய வளை தன்னுடையது என்று முயல் வழக்குப் போட்டிருந்தது. மழைக்கு முன் தீர்ப்பு வந்தால்தான் குட்டிகளுக்கு இடம்.

"கூட்டம் கூடாது. வாதி காலையில் வரணும், பிரதிவாதி மாலையில் வரணும்" என்றது கோர்ட்டுக் காகம்.

முயல் காலையில் போனது. "எதிராளி இல்லாமல் எப்படி விசாரிப்பது? வாய்தா!" என்றது நீதிபதி யானை. மாலையில் முள்ளம்பன்றிக்கும் அதே பதில். அடுத்த வாய்தாவிலும் அதே கதை.

தலை சுற்றிப்போன முயல், வழியில் முள்ளம்பன்றியை நிறுத்தியது. "அண்ணே, நாம எப்பதான் சேர்ந்து போறது?"

"எனக்கும் அதான் புரியல."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "சரி, குட்டிகளைக் கூட்டிட்டு வா. நான் முள்ளை மடக்கி ஓரமா படுத்துக்கிறேன்" என்றது முள்ளம்பன்றி.

வளைக்குள் குட்டிகள் தூங்கிவிட்டன. வழக்கில் ஜெயித்தோமா, தோற்றோமா என்றுதான் முயலுக்கு விளங்கவில்லை.