யார் பேர்ல ஓடணும்?

"போனவ சும்மா போகல. வயித்தெரிச்சல்ல எதையோ நோண்டிட்டுத்தான் போயிருக்கா" என்றார் மேனேஜர்.

கட்டடங்களுக்கு பிளான் வரைந்து கொடுக்கிற ஆபீஸ் அது. காலையில் ஒரு கம்ப்யூட்டர் உயிரை விட்டுவிட்டது. புதுப் பள்ளிக்கூடத்தின் பிளான் மொத்தமும் அதில்தான் இருந்தது. முதலில் யாரும் பதறவில்லை. மூலை ரூமில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி உண்டு. எல்லார் வேலையும் பகலில் இரண்டு தடவை தானாகவே அதில் காப்பி ஏறிவிடும்.

திறந்து பார்த்தால் இரண்டு மாசமாக ஒன்றுமே ஏறவில்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கைக்குழந்தைக்காரி. காப்பி ஏறுகிற நேரத்துக்கு மூலை ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பெட்டியின் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே, மாரில் கட்டிப்போன பாலை எடுத்து பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் கொண்டுவருவாள். கேஷியர் அவளுக்கு 'பால்காரி' என்று பேர் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். வேலை நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

மேனேஜர் அவளுக்கு போன் போட்டார். உடனே வந்து சரி பண்ணிக் கொடுக்கணும், இல்லாவிட்டால் புது இடத்துக்காரங்க விசாரிக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன் என்றார்.

அதில் ஆடிப்போய்விட்டாள். எத்தனையோ இடம் ஏறி இறங்கி இப்போதுதான் ஒரு வேலை அமைகிற மாதிரி இருந்தது. பழைய ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பால்காரி வந்தாச்சு. இனிமே பெட்டி கறக்கும்" என்றார் கேஷியர், யாரையும் பார்க்காமல்.

மூலை ரூம் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. உள்ளே ரிப்பேர்காரர் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லாமல் அவள் சுவர் ஓரமாக நின்றாள்.

ரிப்பேர்காரர் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், இதை யாரும் நோண்டல. காப்பி ஏத்தற வேலை இவங்க பேர்லயும் பாஸ்வேர்டுலயும்தான் ஓடிட்டிருந்திருக்கு. நீங்க இவங்க பேரை எடுத்துட்டீங்க. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு பெட்டி உள்ள விட மாட்டேங்குது."

மேனேஜர் கேஷியரைப் பார்த்தார். கேஷியர், நீங்க சொல்லித்தானே எடுத்தேன் என்கிற மாதிரி திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவள் பையைத் தோளில் மாட்டுவதற்குள் பேரை அழிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றவர் மேனேஜர்தான்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "வேற யார் பேர்லயாவது மாத்தி வெச்சுட்டுப் போறேன்னு அன்னிக்கே கேட்டேன் சார். உன் வேலை முடிஞ்சுது, கிளம்புன்னீங்க."

மேனேஜர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பிளானைப் பற்றி ரிப்பேர்காரரிடம் விசாரித்தார். செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய் முடிந்ததை மீட்டுத் தருகிறேன் என்றார் அவர்.

"அது இருக்கட்டும். இனிமே இந்தக் காப்பி யார் பேர்ல ஓடணும்?" என்று ரிப்பேர்காரரே கேட்டார்.

எந்தப் பேரில் ஓடுகிறதோ அந்த ஆளுக்குத்தான் தடங்கல் தகவல் வரும், நின்றுபோனால் அந்த ஆளைத்தான் முதலாளி கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். கேஷியர், ஏற்கெனவே தனக்குத் தலைக்கு மேல் வேலை என்றார். பிளான் வரைகிறவர்கள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேனேஜருக்கு முக்கியமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது.

ரிப்பேர்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "பழையபடி இவங்க பேர்லயே போட்டுடவா சார்?"

"போடுங்க, போடுங்க" என்று போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார் மேனேஜர். அவரே ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார்.

அவள் உட்கார்ந்தாள். குழந்தை கீபோர்டைப் பிடித்து இழுக்க, அதன் கையை விலக்கிக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தாள். சிவப்பாக இருந்த விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டுப் பச்சைக்கு மாறியது.

"பரவாயில்லையே" என்றார் மேனேஜர். "தகவலெல்லாம் முன்ன மாதிரியே உன் போனுக்கு வரும். எங்கயாவது நின்னுச்சுன்னா நீதான் பார்த்துக்கணும், சரியா?"

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போன வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று எழுந்து நின்றாள். "குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு நாளைக்கே வந்துடறேன் சார். இனிமே கதவைச் சாத்தக்கூட மாட்டேன்."

மேனேஜர் சிரித்தார்.

"நீ எதுக்கும்மா வரணும்? உன் பேர் இங்க இருந்தா போதும். அது ஒழுங்கா ஓடற வரைக்கும் யார் விசாரிச்சாலும் உன்னை நல்லபடியாத்தான் சொல்லுவேன்."