பறவை இல்லாத படம்

ஏரிக்குள் கட்டிட இடிபாடுகளைக் கொட்டும் லாரியைப் படமெடுத்து, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள் வேதநாயகி. இரண்டே நிமிடத்தில் அட்மின் பத்ரிநாத் அதை நீக்கிவிட்டார். "தப்பா நினைக்காதீங்க மேடம். பறவை இல்லாத படம் இங்க வேண்டாமே." கூடவே கைகூப்பும் எமோஜி. அதற்கு மேலே, அவர் பேத்தி கேக் வெட்டும் படமும் நாற்பது வாழ்த்துகளும் அப்படியே இருந்தன.

வேதநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் ஏரிக்கரையில் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றாள். ரிவர்ஸில் வந்த லாரியைப் பார்த்து, முட்டைகளை விட்டு நகராமல் ஓர் ஆள்காட்டிக் குருவி அலகைப் பிளந்து கத்தியது. பறவையும் லாரியும் ஒரே படத்தில் விழுந்தன.

இந்த முறை யாரும் நீக்கவில்லை. "அருமை மேடம்." "என்ன லென்ஸ்?" "அந்தச் சிவப்பு அலகு என்னமா வந்திருக்கு." கடைசியில் பத்ரிநாத்தும் வந்தார். "பிரமாதம். பின்னாடி லாரிதான் கொஞ்சம் உறுத்துது. வெட்டிட்டுப் போடுங்களேன்."

அவள் பறவையை வெட்டினாள். லாரியை நம்பர் பிளேட்டோடு திரை முழுக்க இழுத்துப் பதிவிட்டாள்.

"உறுத்தினதை எடுத்துட்டேன் சார்" என்று எழுதி, கைகூப்பும் எமோஜியையும் மறக்காமல் போட்டாள்.