வாராவாரம் ஒரு வசவு

வியாசர்பாடி ரோசலின் பிளஸ் டூ முடிப்பதற்குள், அவளுடைய கால்பந்து ஆட்டத்துக்காகக் கல்லூரிகள் வீட்டு வாசலில் அடித்துக்கொண்டன. அவளைப் பிடித்துப்போட்ட கோயம்புத்தூர் கல்லூரியின் கணினி, பழைய ஆட்டங்களையும் வீட்டுச் சண்டைகளையும் அலசி ஒன்றைக் கண்டுபிடித்தது: அப்பா திட்டிய மறுநாள்தான் அவள் கோலாகப் போட்டுத் தள்ளுகிறாள். ஆகவே மகளுக்குச் சீட்டு, அப்பா சகாயத்துக்கு வேலை. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் அவளைத் திட்ட வேண்டும். கொஞ்சினாலோ, விஷயத்தை அவளிடம் சொன்னாலோ சீட்டு கிழிந்துவிடும்.

"கெட்ட வாய்க்கு வேலை கிடைச்ச மொத ஆட்டோக்காரன் நான்தான்டா," என்று ஸ்டாண்டில் சிரித்தார் சகாயம்.

முதல் மேட்ச்சுக்கு முந்தின நாள். சென்ட்ரலில் ரயில் ஏறும்முன் ரோசலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, பயமா கீது. நல்லா ஆடுவேன்னு ஒரு தபா சொல்லேன்."

கூட்டிப்போக வந்திருந்த கல்லூரி மேடம் தொண்டையைச் செருமினார்.

"ஆடிக் கிழிச்ச! ஓசி சோத்துக்குத்தானே போற?" என்றார் சகாயம்.

ரோசலின் கையை உதறினாள். "இனிமே என்கூட பேசாத," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பெட்டிக்குள் போனாள்.

மேடம் ரோசலினின் கோபத்தை அளந்த கைக்கருவியைப் பார்த்து மலர்ந்தார்.

"சூப்பர் சார்! லீக் மேட்ச்சுக்கு இந்த அளவு போதும். செத்துப்போன அவ அம்மாவை மட்டும் ஃபைனலுக்கு எடுத்து வெச்சுக்குங்க."